சுளகு மேல ஒரு கம்ப்யூட்டர்

மேலப்பாளையத்தில் ஒரு வீடு. என் நண்பனின் அக்கா வீடு. அவன் ‘லாத்தா’ என்று கூப்பிடுவான். நமக்கு அக்கா.

முன்னறையில் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் அக்கா. மடியில் சுளகு. (வடக்கத்தி மாவட்டக்காரர்களுக்கு: முறம்.) சுளகில் வெட்டிய பீடி இலை, தூள், நூல்கண்டு. கண் டி.வி.யில் இருக்கிறது. விரல்கள் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எதிரே அவர் மகள், சம்மணம் போட்டபடி. அவள் மடியிலும் ஒரு சுளகு. ஆனால், கவிழ்த்துப் போட்ட சுளகு. அதன் மேல் ஒரு டேப்லெட். முன்னால், கழற்றி மாட்டுகிற கீபோர்டு. சவூதியில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பியது. பி.காம். கடைசி வருஷம். புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

‘‘ஏம்மா, ஒரு மேசை போட்டுக்கிடலாமே?’’ என்று கேட்டுவிட்டேன். சென்னையில் குப்பை கொட்டுகிறவனின் புத்தி வேறு எப்படி இருக்கும்?

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘‘மேசை போட்டா உம்மா எங்க உக்காருவாங்க மாமா?’’

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. எழுதுவதற்கு மேசை வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? எப்போது சொன்னது?

மேலப்பாளையம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பாளையங்கோட்டையை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம். அப்புறம் பீடி. தனி நகராட்சியாக இருந்தது, 1994ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதற்குள் போய்விட்டது. கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றிக் கொடுத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஆபீஸும் மேசையும் ஒன்றுதான். மடி!

சரி, மேசைக்கு வருவோம்.

‘மேசை’ தமிழ் வார்த்தையே இல்லை. போர்ச்சுகீசியம். அவர்கள் ‘மேசா’ என்றார்கள், நாம் மேசை என்றோம். அலமாரி, ஜன்னல், சாவி, பேனா... எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வந்து இறங்கிய இடங்களில் ஒன்று நம் தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயல். அங்கே உட்கார்ந்துதான் என்ரிக்கே என்ரீக்கஸ் என்ற பாதிரியார் தமிழ் படித்து, தமிழிலேயே புத்தகம் போட்டார். அவருடைய ‘அடியார் வரலாறு’ அச்சானது 1586ல்.

அதற்கு முன்னால்? பனையோலை. நெல்லைச் சீமையில் பனைக்கா பஞ்சம்!

ஓலையில் எழுதுகிறவரைக் கற்பனை செய்து பாருங்கள். இடது கையில் ஓலை. வலது கையில் எழுத்தாணி. இடது கைக் கட்டைவிரல்தான் எழுத்தாணிக்குத் தாங்கல். அவ்வளவுதான் சாதனம். திண்ணையில் உட்கார்ந்து எழுதலாம். மரத்தடியில் நின்றுகொண்டு எழுதலாம். ஆசிரியர் பாட்டுச் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து மாணவர் எழுதிக்கொண்டே போகலாம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆயிரக்கணக்கில் பாட்டுச் சொன்னது அப்படித்தான். அவர் சொல்வார், சீடர் எழுதுவார்.

எழுத்தாணியில் ஒரு வகைக்கு ‘மடக்கெழுத்தாணி’ என்று பெயர். ஓலை வாரக் கத்தி, எழுத ஊசி முனை. வேலை முடிந்ததும் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மடக்குகிற, இடுப்பில் செருகுகிற, மேசை கேட்காத எழுதுகருவி! இன்றைக்கு டேப்லெட் விளம்பரத்தில் வேறு என்னத்தைச் சொல்கிறார்களாம்?

அந்த ஓலைகளைத் தேடித்தான் பிற்பாடு உ.வே.சாமிநாதையர் இதே ஆற்றங்கரையில் ஆழ்வார்திருநகரி வரை கவிராயர் வீடுகளில் ஏறி இறங்கினார். 1889ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். ஆக, நம் இலக்கியத்தின் பெரும்பகுதி மேசையைப் பார்க்காமலே எழுதப்பட்டு, மேசையைப் பார்க்காமலே பிரதி எடுக்கப்பட்டு நம் கைக்கு வந்திருக்கிறது.

மேசையோடு பிறந்தவர்களுக்கே மேசை சில சமயம் தொல்லைதான். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை 1776ல் தாமஸ் ஜெபர்சன் எழுதினாரே, அது எதன் மேல் வைத்து? தானே வடிவமைத்துச் செய்யச் சொன்ன ஒரு மடிப்பெட்டி மேல். மடியில் வைத்துக்கொள்ளலாம். விரித்தால் சாய்வான எழுதுபலகை. பக்கத்தில் பேனா, மை வைக்க ஒரு சின்ன டிராயர். நீளம் ஒண்ணேகால் அடிக்குள். சுமார் 50 வருஷம் வைத்திருந்து, 1825ல் பேத்தியின் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். இப்போது வாஷிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. நம்மூர் மண்டிகளில் கணக்குப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் வைத்திருப்பாரே சாய்வுப் பெட்டி... அதற்கு அண்ணன் முறை.

மேசையை அசைக்க முடியாத அதிகாரியாக ஆக்கியது டைப்ரைட்டர்தான். இரும்பு. கனம். தட்டினால் அதிரும். மடியில் வைத்தால் மடி போய்விடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பக்கம் போய் வேலை பார்த்த ஆர்.முத்தையா, இத்தனை தமிழ் எழுத்தையும் மூளையைக் கசக்கி அந்த நாலு வரிசைக்குள் அடக்கினார். தமிழும் டைப் ஆனது. ஆனால் மேசை மேல் ஏறித்தான்!

அடுத்து கம்ப்யூட்டர். நான் காலேஜில் பி.காம். படித்தபோது கம்ப்யூட்டர் ரூம் என்றாலே கர்ப்பக்கிரகம்தான். செருப்பை வெளியே விட வேண்டும். ஏ.சி. ஓடும். மேசை மேல் உறை போட்டு மூடி உட்கார்ந்திருக்கும் சாமி. வீட்டில் வாங்க வேண்டும் என்றால் மேசை, நாற்காலி, யு.பி.எஸ்., அதற்கு ஒரு பிளக் பாயின்ட், அதற்கு ஒரு சுவர், அதற்கு ஒரு ரூம். கம்ப்யூட்டரின் விலை என்று நாம் சொன்னது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். ரூமின் விலையை யாரும் பில்லில் எழுதவில்லை. முன்னறையே மொத்த வீடாக இருந்தவர்கள் அப்போதே கணக்கிலிருந்து கழிந்துபோனார்கள்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனைச் சந்திப்போம். வெள்ளைக்காரன்தான். ஆனால் தமிழ் பேசுவான்!

பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ஆங்கிலேயர், அங்கே ஆசிரியர் வேலை. அம்மா போலந்துக்காரர். ரமண மகரிஷியைத் தேடி அந்தக் குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரம். வேலைக்காகத் திரும்பிப் போன அப்பாவை ஜப்பான்காரர்கள் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். அம்மாவும் பிள்ளைகளும் மலையடிவாரத்திலேயே இருந்தார்கள். பையன் உள்ளூர்ப் பிள்ளைகள் மாதிரி சரளமாகத் தமிழ் பேசி வளர்ந்தான். கொடைக்கானலில் கான்வென்ட் படிப்பு. பதினோரு வயசில் இங்கிலாந்து. அப்புறம் அமெரிக்கா. கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் டாக்டர் பட்டம்.

அவன் வளர்ந்த அந்த ஊரில், 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாமலிருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதித்தான் பதில் சொன்னார். ‘நான் யார்?’ அப்படிப் பிறந்த புத்தகம். அந்தச் சிலேட்டின் கதையைக் கேட்டுத்தான் பையனுக்கு ஐடியா வந்தது என்று நான் ரீல் விடப் போவதில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து, மேசை இல்லாமல் உலகம் நடப்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன் என்பது நிஜம்.

அந்தப் பையன்தான் 1981ல் ‘ஆஸ்போர்ன் 1’ என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு போகும்படி செய்து, வியாபாரத்திலும் ஜெயித்த முதல் கம்ப்யூட்டர். தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ. தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். விமான சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். பெட்டியின் மூடியைக் கழற்றினால்... மூடிதான் கீபோர்டு! ஒரு ஒயர் மட்டும் தொப்புள்கொடி மாதிரி பெட்டியோடு சேர்த்திருக்கும். திரை 5 அங்குலம். இன்றைய செல்போனைவிடச் சின்னது. விலை 1,795 டாலர். எழுத, கணக்குப் போட சாஃப்ட்வேர் எல்லாம் அதற்குள்ளேயே. உள்ளே இருந்த இன்ஜினீயரிங், லீ ஃபெல்சன்ஸ்டீன் என்பவருடைய கைவண்ணம்.

பிய்த்துக்கொண்டு போனது. உச்சத்தில் மாதம் 10,000 பெட்டி விற்றது. அப்புறம் வந்தது வினை. அடுத்த மாடலைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசிவிட்டார். ‘‘புதுசு வருதாமே, பழசை எதுக்கு வாங்கணும்?’’ என்று ஜனம் நின்றுவிட்டது. சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். வணிகவியல் வகுப்புகளில் இதற்கு ‘ஆஸ்போர்ன் எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது மட்டும்தான் காரணமா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

1992ல் உடல்நலம் கெட்டு இந்தியாவுக்கே திரும்பினார் ஆஸ்போர்ன். கொடைக்கானலில் சகோதரி வீட்டில் இருந்தார். 2003 மார்ச் 18 அன்று அங்கேயே இறந்துபோனார். வயது 64. கம்ப்யூட்டருக்குக் கால் கொடுத்த மனிதர், தமிழ்நாட்டு மலை ஒன்றில் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. பிளக் வேண்டும். மடியில் வைக்க முடியாது. ஆக, கம்ப்யூட்டர் நகர்ந்தது, நிஜம். எங்கிருந்து எங்கே? ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு!

மடிக்கு வருகிற கனவு அதற்கும் முந்தியது. 1972லேயே அமெரிக்காவில் ஆலன் கே என்பவர் ‘டைனபுக்’ என்று ஒன்றைக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். சிலேட்டு சைஸில் ஒரு கம்ப்யூட்டர். படத்தில் இரண்டு பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மேசை? மூச்! குழந்தைகளை மனதில் வைத்து யோசித்த மனுஷனுக்கு மேசை தேவைப்படவே இல்லை.

காகிதத்திலிருந்து கைக்கு வர 30 வருஷம் பிடித்தது. 2002ல் காம்பாக் என்ற பெயரில், கீபோர்டைக் கழற்றிவிட்டுத் திரையை மட்டும் எடுத்துப் போகிற ஒரு டேப்லெட் விற்பனைக்கு வந்தது. பெரிதாகப் போகவில்லை. 2010ல் ஐபேட் வந்தது. கீபோர்டே வேண்டாம், விரல் போதும் என்றது. ஜனம் சரி என்று தலையாட்டியது. ஆனால் நாலு பக்கம் எழுத உட்கார்ந்த உடனே கை கீபோர்டைத் தேடியது. 2011ல் அசூஸ் கம்பெனி கழற்றி மாட்டுகிற கீபோர்டோடு ஒன்று விட்டது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் ‘சர்ஃபேஸ்’. முதுகில் ஒரு முட்டுக்கால், காந்தத்தில் ‘டக்’கென்று ஒட்டுகிற கீபோர்டு. பார்க்க ஜோர். ஆனால் அடுத்த ஜூலையிலேயே, விற்காத சரக்குக்காக 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். பேரேட்டில் அந்தத் தொகையை எழுதியவர் கை நடுங்கியிருக்கும். 2015ல் ஆப்பிளும் கீபோர்டு பக்கம் வந்து சேர்ந்தது.

ஏன் இத்தனை தடுமாற்றம்? சொந்த அனுபவம் சொல்கிறேன். போன வருஷம் ரயிலில், சீட்டில் உட்கார்ந்து தொடை மேல் டேப்லெட்டை வைத்து இந்தப் பத்தியைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் டீ வாங்க எழுந்தார். நான் காலை லேசாக ஒதுக்கினேன். முட்டுக்கால் சறுக்கியது. டேப்லெட் மல்லாக்க விழுந்தது. திரை முழுக்கச் சிலந்தி வலை. கம்பெனி பெயர் எதற்கு? தப்பு என் தொடையினுடையது.

விஷயம் எளிது. லேப்டாப்பில் பேட்டரி, மூளை எல்லாம் கீபோர்டுக்கு அடியில். கனம் கீழே. திரை வெறும் மூடி. அதனால் மடியில் அசையாமல் உட்காரும். டேப்லெட்டில் எல்லாமே திரைக்குப் பின்னால். கீபோர்டு வெறும் அட்டை. தலைக்கனம்! பின்னால் சாயத்தான் பார்க்கும். முட்டுக்கால் கொடுத்து நிறுத்தினால், முட்டுக்கால் ஊன்ற இடம் வேண்டும். கீபோர்டுக்குக் கொஞ்சம் இடம், பின்னால் காலுக்கு இன்னும் கொஞ்சம். நாற்காலியில் உட்கார்ந்தவனின் தொடை முட்டியோடு முடிந்துவிடுகிறது. இந்த அவஸ்தைக்காகவே ‘லேப்பபிலிட்டி’ என்று ஒரு வார்த்தை கிளம்பியது. அதாவது, மடியில் நிற்கிற தகுதி. 2014ல் வந்த சர்ஃபேஸ் மாடலில் முட்டுக்காலை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம் என்று செய்தது இதற்காகத்தான்.

இப்போது மேலப்பாளையத்துக்குத் திரும்புங்கள். சம்மணம் போட்டவளின் மடி முட்டியோடு முடிவதில்லை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது. நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தை நிரவத்தான் கவிழ்த்த சுளகு! அமெரிக்காவில் கோடிகளைக் கொட்டித் தேடிய ‘மடியில் நிற்கிற தகுதி’யை இவள் அடுக்களையிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். முதுகு வலித்தால் திரையை மட்டும் கழற்றி ஜன்னல் திண்டில் நிறுத்துகிறாள். கண்ணுக்கு நேரே திரை, மடியில் கீபோர்டு. லேப்டாப்பால் இது முடியாது.

மேசையை விட்டு எழுந்து போகிறவர்களுக்காக, விமானத்தில் பறக்கிறவர்களுக்காக, காபி கடையில் உட்கார்கிறவர்களுக்காகச் செய்த பொருள் இது. மேசையே இல்லாதவர்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதுதான் நான் சொல்ல வந்தது.

ஆனால் எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. இரண்டு வில்லங்கம் இருக்கிறது.

ஒன்று காசு. கீபோர்டைத் தனியாகக் கழற்றலாம் என்றால், தனியாக விற்கலாம் என்றும் அர்த்தம்! பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. டேப்லெட் விலையைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனால், கீபோர்டுக்கு இன்னொரு பில். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டில் இரண்டாவது பில் சின்ன விஷயமில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது நிறைய பேர் சிரித்தார்கள். ‘மேசைக்கணினி’ கொடுத்திருந்தால் பாதி வீடுகளில் வைக்க இடம் இருந்திருக்காது. கொடுத்தது மடிக்கணினி. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். எதைக் கொடுத்தாலும் சரி, கீபோர்டு சேர்ந்திருக்க வேண்டும். கீபோர்டு இல்லாத டேப்லெட் பார்ப்பதற்கு. கீபோர்டு உள்ளது எழுதுவதற்கு. பார்க்கிறவர்கள் நம்மிடம் நிறைய உண்டு.

இன்னொன்று எழுத்து. ‘‘இதுல தமிழ் எங்க மாமா இருக்கு?’’ என்று கீபோர்டைக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் அச்சிட்டிருந்தது. 1999லேயே சென்னையில் மாநாடு கூட்டி, ‘தமிழ்99’ என்று ஒரு கீபோர்டு முறையை அரசே ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. ஒரு வாரம் பழகினால் ஓடும். டேப்லெட்டின் உள்ளே அது இருக்கிறது. கட்டை மேல்தான் இல்லை. ஓலைக்காரருக்கு மேசை இல்லை, தமிழ் இருந்தது. இவளுக்கும் மேசை இல்லை. தமிழைத்தான் செட்டிங்ஸில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. தேடி எடுத்துக் கொடுத்தேன். முதல் வார்த்தையாக ‘உம்மா’ என்று அடித்தாள்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கேட்டார்: ‘‘இதுல எழுதிப் படிச்சா, இவ இந்தச் சுளகைத் தொடாம இருக்கலாம்லா தம்பி?’’

‘‘இருக்கலாம்க்கா’’ என்றேன். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. பி.காம். படித்துவிட்டு வேலைக்கு அலைந்தவன் நான்.

மணி ஆறு. மகள் டேப்லெட்டை மூடி உறைக்குள் வைத்தாள். கணக்குக்கு இன்னும் 200 பீடி குறைகிறதாம். சுளகை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, உம்மாவிடமிருந்து ஒரு பிடி இலையை அள்ளிப் போட்டாள்.

ஒரே சுளகுதான். எந்தப் பக்கம் அதிக நேரம் மேலே இருக்கப் போகிறது என்பதுதான் கேள்வி.